கதவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். போன வாரம் குமுளியில் ஒரு மண்டபத்துக்கு எங்களைப் போன்ற ஜீப் டிரைவர்களையும் கங்காணிகளையும் கூப்பிட்டார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று கோட்டு போட்ட ஒரு சார் பேசினார். பேசி முடித்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல தலைமையைப் பற்றி எழுதுங்கள் என்றார். நான் அந்தத் தாளில் சமோசா எண்ணெயைத் துடைத்துக் கசக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடி வந்ததே, 'பற்றி எழுதுக' என்கிற தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான்.

ஆனால் என் பிழைப்பில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் கூடலூரில் பெண்களை ஏற்றி, மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்வரை எனக்கு வேலை கிடையாது. சும்மா இருப்பது எனக்கு வராது. டயரை உதைப்பேன். கண்ணாடியைத் துடைப்பேன். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பேன். போனில் சிக்னல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இன்றைக்கு டயரும் கண்ணாடியும் பாவம் என்று விட்டுவிட்டு, இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த சார் கையில் இது கிடைக்கப்போவதில்லை. கிடைத்தாலும் இதில் அவர் கேட்டது இல்லை.

எங்கள் கூட்டத்துக்குக் கங்காணி ஒரு பெண். கங்காணி என்றால் ஆள் சேர்த்து, வேலைக்குக் கூட்டிப்போய், தோட்டத்துக்குப் பதில் சொல்கிறவர். எனக்கு முறைக்கு மதினி. அதனால் கேலி பேச எனக்கு உரிமை உண்டு, திட்ட அவருக்கு உரிமை உண்டு. இருவருமே எங்கள் உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குக்கூட லீவு போடாத மனுஷி. தானும் எல்லோரோடும் குத்தவைத்துக் காய் எடுப்பார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில், மண்ணோடு மண்ணாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து, தூருக்குத் தூர் நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டும். செடியோ ஆளை விட உயரம். பக்கத்து நிரையில் இருப்பவர்கூடத் தெரியமாட்டார். அதனால் மதினி அவ்வப்போது 'ஊய்' என்று ஒரு குரல் கொடுப்பார். அங்கங்கே இருந்து பதில் குரல் வரும். கீழே ரோட்டில் டயரை உதைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த ஊய் கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

என் ஜீப்பில் முன் சீட்டு ஒன்றுதான். மற்றவர்கள் பின்னால் எதிரெதிராக இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதிலும் மோசமான இடம், பின்சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கும் இடம். குழிக்குக் குழி நடு முதுகில் வந்து அடிக்கும். மதினி காலையில் வந்ததும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லோர் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு மோவாயை ஆட்டுவார்.

"நீ முன்னாடி ஏறு."

அவ்வளவுதான். ஒரு நாள் ஒருத்தர், மறுநாள் இன்னொருத்தர். தான் மட்டும் ஒருநாளும் முன்னால் உட்கார மாட்டார். கடைசி ஆளாக, பின்வாசல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம்தான்.

"என்ன மதினி, இன்னைக்கு இவுகதான் கலெக்டரா?" என்பேன்.

"ஆமா. நீ கலெக்டரோட டிரைவரு. வாயப் பொத்திக்கிட்டு ஓட்டு."

சாரல் காலத்தில் ஒருநாள் தோட்டத்தில் பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தார் மதினி. கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வந்தோம். மறுநாள் தோட்டத்துச் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். மலையாளி. கெட்டவர் இல்லை, ஆனால் ஆள் எண்ணிக்கை என்றால் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது.

"சேச்சி வர்ற வரைக்கும் ஞான் வெயிட் செய்யும். பட்சே இந்தப் பதினோரு பேரும் டெய்லி வரணும், கேட்டோ. ஆள் குறைஞ்சா இந்த செக்சன் மற்றே ஜீப்புக்கு."

செக்சன் என்பது தோட்டத்தில் எங்கள் கூட்டத்துக்கு என்று விட்டிருக்கும் பகுதி. அது போனால் மதினிக்குக் கங்காணி வேலை போச்சு. கட்டைப் பிரித்துவிட்டு அவர் திரும்பி வர இடமே இருக்காது. மற்ற ஜீப்பு என்று அவர் சொன்னது யாருடையது என்றால், என்னோடு ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்த என் கூட்டாளியுடையது. நல்லவன். நல்லவன்தான் ஆபத்து, அவன் வண்டியில் ஏற எவருக்கும் மனசு சங்கடப்படாது.

சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, நான் வர்ற வரைக்கும் ஒரு தலை கொறையாமக் கூட்டிட்டுப் போயிரு."

"நான் டிரைவரு மதினி."

"இருக்கட்டும். ஒனக்குத்தான் ஒரு எடத்துல நிக்க முடியாதே. இதையாச்சும் செய்யி."

முதல் நாள் காலை பதினோரு பேரும் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு நின்ற அக்காவைப் பார்த்து, "ஏறுங்கக்கா" என்றேன். கூட்டத்தில் வயதானவர் அவர்தான்.

"நான் எதுக்கு? எனக்கென்ன நோக்காடா வந்திருக்கு?"

வளைவுக்கு வளைவு ஜெபமாலை உருட்டும் ராயப்பன்பட்டி அக்காவிடம் திரும்பினேன்.

"அது அவுக பாத்துச் சொல்ற சீட்டுப்பா. அவுக சொல்லாம நான் ஏறமாட்டேன்."

"நீ ஏறு." "நீ ஏறு." "எனக்கு வேணாம் ஆத்தா, நீ ஏறு." எல்லோரும் எல்லோரையும் சொன்னார்கள், ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் பதினோரு பேரும் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். முன் சீட்டில் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் சொகுசாக வந்தன.

அடுத்த நாளும் அப்படித்தான். மேட்டுத்தெருவிலிருந்து வரும் அக்கா எப்போதும் கடைசியாக வந்து சேர்வார், அதனால் சக்கரத்து மேடுதான் மிச்சம் இருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்த உடம்பு. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. மெதுவாக ஓட்டினேன். "மாட்டு வண்டியிலயே வந்திருக்கலாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வேகமாக ஓட்டினேன், கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மதினி போன் போட்டார். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"முன்னாடி யாரு உக்காந்தது?"

"யாரும் இல்ல மதினி. ஒங்க ஞாபகமாக் காலியா விட்டுருக்கோம்."



"நான் என்ன செத்தா போயிட்டேன், படத்துக்கு மாலை போடுற மாதிரி சீட்டக் காலியா வச்சிருக்கீக?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

சரி, முன்னால் ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதானே என்று மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். வண்டியின் படியில் ஏறி நின்று, பஸ் கண்டக்டர் மாதிரி சத்தமாக, "யாருக்கெல்லாம் ஒடம்பு முடியல, கையத் தூக்குங்க" என்றேன்.

ஒரு கை எழவில்லை. ராயப்பன்பட்டி அக்கா வானத்தைப் பார்த்தார். மேட்டுத்தெரு அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்தார். வெற்றிலை அக்கா மட்டும், "எனக்கு ஒன் சத்தத்தக் கேட்டுக் காதுதான் முடியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தூக்குவாளிகள் ஏறின.

அதற்கு மறுநாள் பத்துப் பேர்தான் நின்றார்கள். மேட்டுத்தெரு அக்காவைக் காணோம். காத்திருந்தேன். ஹாரன் அடித்தேன். போன் எடுக்கவில்லை. நேரமாகிறது என்று எல்லோரும் கத்தவும் கிளம்பினேன். லோயர் கேம்ப்பில், மலை ஏறும் முன்னால் டீக்கடை ஓரமாக என் கூட்டாளியின் ஜீப் நின்றது. அதன் முன் சீட்டில் ஒரு கையில் டீ கிளாசும் ஒரு கையில் கதவுமாக மேட்டுத்தெரு அக்கா.

வண்டியை அவன் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கினேன்.

"என்னக்கா, கட்சி மாறிட்டீகளா?"

"கதவு நிக்கலப்பா இவுக வண்டியில. பிடிச்சுக்கிட்டு உக்கார ஆள் வேணும்னாக. ஏறிட்டேன்."

"நம்ம வண்டியிலயும் முன் சீட்டு காலியாத்தான கெடக்கு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு என் வண்டியில் இருந்தவர்களுக்குக் கேட்காத அளவில் சொன்னார்.

"நீ கையத் தூக்கச் சொன்னேல்ல, நான் தூக்கியிருந்தா என்ன ஆகும்? அவளுக்கு முடியலையாம்னு தோட்டம் பூராம் பேச்சாகும். மறுவாரம் எவரு என்னைய வேலைக்குக் கூப்பிடுவாக? இங்கன நான் முடியாதவ இல்லப்பா. கதவு பிடிக்கிறவ."

நான் திரும்பிக் கூட்டாளியை முறைத்தேன். அவன் சிரித்தான்.

"நெசமாவே கொண்டி போயிருச்சு மாப்ள. ஆளக் கடத்துனேன்னு நெனச்சிராத."

"அப்பறம் எதுக்குடா இளிக்கிற?"

"ஒன் மூஞ்சியப் பாத்துத்தான்."

தோட்டத்தில் சூப்பர்வைசர் எண்ணினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

"பத்து."

"ஒருத்தவுக வீட்டுல விசேஷம் சார்."

"நாளைக்கு விசேஷம் வேண்டா. நாளையும் பத்துன்னா ஞான் மற்றவனோட பேசும்."

அன்றைக்கு நான் கீழே இருந்த நிலைமையை எப்படிச் சொல்வது. டயரை உதைத்தேன், கால் வலித்தது. ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மேலே தோட்டத்திலிருந்து ஒரு ஊய்கூட வரவில்லை. மதினி விழுந்ததிலிருந்தே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் குரல் கொடுக்கிற இடத்தில் வேறு யாரும் குரல் கொடுக்கத் துணியவில்லை. அந்தச் செடிக்காட்டுக்குள் பத்துப் பேரும் தனித்தனியாகக் குத்தவைத்திருந்தார்கள். ஒருத்தர் மயங்கி விழுந்தால்கூட அடுத்தவருக்குத் தெரியாது. நான் மேலே ஏறிப் போய் நானே 'ஊய்' என்று கத்தினேன். "நரி வந்திருச்சு" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் சிரித்தது. அந்தச் சிரிப்பு போதும் என்று இறங்கி வந்தேன்.

வந்து, ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, என் வண்டியின் முன் கதவுக் கொண்டியிலிருந்து ஸ்க்ரூவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல கதவு. கழற்றியதும் செத்த வாத்துக் கழுத்து மாதிரி தொங்கியது.

ஊருக்கு வந்ததும் மேட்டுத்தெருவுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்ம வண்டியிலயும் கதவு போயிருச்சு. பின்னாடி இருக்கிறதெல்லாம் தூங்குமூஞ்சிக. வளைவுல கதவப் பிடிக்கத் தெம்பான ஆள் வேணும்."

"ஏலே, ஊர்லயே நான்தான் தெம்பான ஆளா?" சிரிப்பு வந்தது அவருக்கு. சிரித்தால் வயிறு வலிக்கும் போல, கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்துப் பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"எடுப்பா, நேரமாச்சு" என்றார் வெற்றிலை அக்கா.

"கதவு சரியில்லக்கா."

"கதவு சரியில்லைன்னா வண்டி ஓடாதா?"

"பிடிக்க ஆள் வரணும்."

"இவனுக்கு மதினி போனதுல இருந்து மண்டையில ஏதோ ஆயிப்போச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் மேட்டுத்தெரு அக்கா வந்தார். தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல். தொங்கும் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தாநா வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"ஒங்க கண்ணு பட்டுருச்சு."

ஏறினார். கதவைப் பிடித்துக்கொண்டார். நான் தூக்குவாளிகளைப் பின்னால் தள்ளினேன்.  பின்னால் யாரோ களுக் என்று சிரித்தார்கள், அது ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டது. பதினொன்று. சூப்பர்வைசர் எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.

அன்றைக்கு மதினி போனில் கேட்டார்.

"முன்னாடி யாரு?"

"மேட்டுத்தெரு அக்கா. கதவு பிடிக்க."

"கதவுக்கு என்ன?"

"ஸ்க்ரூ கழண்டுருச்சு மதினி."

"தானா கழண்டுச்சா?"

"இல்ல."

சிரித்தார், சிரித்தார், கால் வலிக்கிறது போனை வை என்று திட்டிவிட்டு வைத்தார்.

அப்புறம் எனக்குக் கை ஓடவில்லை என்று சொல்வதற்கில்லை, நன்றாகவே ஓடியது, தினம் ஒரு சாக்கு. வைப்பர் வேலை செய்யவில்லை, கண்ணாடி துடைக்க ஆள் வேண்டும். கியர் லிவர் ஆடுகிறது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்குத் தூக்கம் வருகிறது, பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் மதினி மாதிரி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கல்லு மாதிரி இருந்த ஆளை ஏற்றிவிட்டு, காய்ச்சல்காரரைப் பின்னால் உட்கார வைத்தேன். "இதுக்கு நீ சும்மாவே இருந்திருக்கலாம்" என்று திட்டு விழுந்தது. நாங்கள் தப்பித்ததற்குக் காரணம் என் மூளை இல்லை. பெண்களே விளையாட்டைக் கற்றுக்கொண்டதுதான். அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ராயப்பன்பட்டி அக்கா வந்து, "மழை வரும் போலருக்கேப்பா, கண்ணாடி தொடைக்க ஆள் வேணுமா?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். வெற்றிலை அக்கா முந்திக்கொண்டு, "ஆமா, இந்தா கருக்கலு கட்டுது. ஏறு, ஏறு" என்று அவர் தோளைத் தள்ளினார். மலை ஏறி முடிக்கும்வரை ராயப்பன்பட்டி அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஜெபமாலையைக்கூட எடுக்கவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்திலும் அது பரவியது. மேட்டுத்தெரு அக்காவால் ரொம்ப நேரம் குத்தவைக்க முடியாது. பக்கத்து நிரையில் இருப்பவர், "என் பக்கம் அட்டை கடிக்குது, ஒன் பக்கம் வாரேன்" என்று சொல்லிக்கொண்டு வந்து அவர் தூரில் பாதியை எடுத்துவிட்டுப் போவாராம். அட்டை எல்லாப் பக்கமும்தான் கடிக்கிறது. ஊய் சத்தமும் மறுபடி கேட்க ஆரம்பித்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, மதினியின் குரலை விட மெலிசு. ஆனாலும் தினமும் விடிந்தால் தலைகளை எண்ணி முடிக்கும்வரை நான் டயரை உதைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது, பத்து என்று வந்து, பதினொன்று வர ஒரு நிமிஷம் தாமதமானால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். இந்தப் பொம்பளை இத்தனை வருஷம் தினமும் இதைச் செய்துகொண்டே என்னையும் திட்டிக்கொண்டு எப்படி வந்தார்?

கட்டைப் பிரித்து, கம்பு ஊன்றி மதினி வந்து சேர்ந்த காலையில் பதினோரு பேரும் அவருக்கு முன்னாலேயே நின்றார்கள். முன் கதவை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்காவது அவர் முன்னால் உட்காருவார் என்று எல்லோரும் நினைத்தோம். மதினி வழக்கம்போல முகங்களைப் பார்த்தார். கம்பை நீட்டி வெற்றிலை அக்காவின் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

"இது என்ன வீங்கிக் கெடக்கு? முன்னாடி ஏறு."

எங்கள் ஒருவர் கண்ணிலும் படாத வீக்கம். வெற்றிலை அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே ஏறினார்.  மதினி பின்னால் ஏறி, காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் என் தலைமுறையையே வைதுகொண்டு வந்தார்.

சூப்பர்வைசர் எண்ணினார். பன்னிரண்டு. செக்சன் மதினிக்கே என்றார். ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு சரிவில் இறங்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. மேலே பாதையில் நின்று குரல் மட்டும் கொடுக்கிறேன் என்றார் மதினி. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "நோக்காம், சேச்சி" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். தினமும் மதினி பாதையில் நிற்கிறார், தினமும் நாங்கள் சூப்பர்வைசர் வாயையே பார்த்துக்கொண்டு இறங்குகிறோம். எனக்கு இன்னும் டயரை உதைக்காமல் இருக்க முடியவில்லை.

செக்சன் எங்களுக்கே என்று ஆன அன்றைக்கு, சிக்னல் வந்த ஒரு நொடியில் கூட்டாளிக்கு மெசேஜ் போட்டேன்: "செக்சன் போச்சுடா ஒனக்கு. அழுகாத."

சாயங்காலம் மலை இறங்கும்போதுதான் பதில் வந்தது.

"அழுகல மாப்ள, என் வண்டி ஆளுக ரெண்டு பேரு ஒன் கதவப் பிடிக்க வரணுமாம், எடம் இருக்கான்னு கேக்குறாக."